சாயத்தைப் பிடித்து நிறுத்தும் கடற்பாசி

பழைய பருத்தித் துணி ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த இடத்தில் நிற்காது. நூல் வழியே ஊறிப் பரவிவிடும். அப்படியிருக்க, கணினியில் வரைந்த மயில்தோகையை, இழை இழையாகத் தெரியும்படி நேராகத் துணியிலேயே எப்படி அச்சிடுகிறார்கள்?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும். டிஜிட்டல் அச்சுக்குச் சட்டமே தேவையில்லை. மெஷினின் அச்சுத்தலை துணிக்கு மேல் இடமும் வலமுமாக ஓடும். அதன் அடியில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கும். பல மெஷின்களில் துளைக்குப் பின்னால் 'பீசோ' படிகம் ஒன்று உண்டு. மின்சாரம் கொடுத்தால் அது இம்மியளவு வளையும். அந்த அழுத்தத்தில் ஒரு துளி சாயம் தெறிக்கும். குழாயில் சொட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரை 50 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அந்தத் துளி!

துளி பரவாமல் இருக்க, அச்சிடும் முன்பே துணியில் ஒரு பசையை ஏற்றிக் காயவைக்கிறார்கள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் 'ஆல்ஜினேட்' பசை அது. நம் மன்னார் வளைகுடாவிலும் இந்த வகைப் பாசிகள் வளர்கின்றன.

வீட்டில் இருக்கும் கஞ்சியே போதாதா? போதாது. கஞ்சியும் பருத்தியும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையின் சங்கிலிகளால் ஆனவை. பருத்திக்கான 'ரியாக்டிவ்' சாயம் இரண்டோடும் வினைபுரியும். கஞ்சி போட்டால் சாயத்தில் ஒரு பகுதி அதோடு சேர்ந்து, கழுவும்போது போய்விடும். ஆல்ஜினேட்டோடு இந்தச் சாயம் அவ்வளவாக வினைபுரியாது. அதனால் சாயம் பருத்திக்கே கிடைக்கிறது.

அச்சிட்ட துணியைச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் நீராவியில் சில நிமிடம் வைப்பார்கள். பசையோடு முன்பே சேர்த்திருந்த சோடா அப்போது வேலை செய்யும். அதன் உதவியால் சாய மூலக்கூறு பருத்தி மூலக்கூறோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துகொள்ளும். பிறகு, பசையும் மிஞ்சிய சாயமும் போகும்வரை நன்றாக அலசுவார்கள். பிணைந்த சாயம் அப்படியே இருக்கும். துவைத்தாலும் அது எளிதில் போகாது.

செய்து பாருங்கள்: இரண்டு பருத்தித் துண்டுகளை எடுங்கள். ஒன்றில் கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காயவையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வாட்டர்கலர் சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து, வட்டங்களை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். எது சிறியது? ஏன் என்று நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.