காபி மேசையில் முடிவான ஆட்சி

மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் கொன்ராட் அடினாவர் ஒரே ஒரு வாக்கில் பதவிக்கு வந்தார் என்று பலரும் சொல்வார்கள். பொய்யில்லை. 1949 செப்டம்பர் 15 அன்று பான் நகரில் வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் 402 பேர், தேவைப்பட்டது 202, விழுந்ததும் 202. ‘உங்களுக்கு நீங்களே ஓட்டுப் போட்டுக்கொண்டீர்களா?’ என்று கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை. போடாமல் இருந்திருந்தால்தான் அது பாசாங்கு என்றார். தேர்தல் கணக்குகளை எழுதியே காலம் தள்ளும் எனக்கு, அந்த ஒற்றை வாக்கைவிட அதற்கு மூன்றரை வாரம் முன்பு நடந்த ஒரு விருந்துதான் சுவாரஸ்யம்.

ஆகஸ்ட் 14 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அடினாவரின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கும் அதன் பவேரியத் தோழமைக் கட்சிக்கும் சேர்த்து 139 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 131. சுதந்திர ஜனநாயகக் கட்சி 52, ஜெர்மன் கட்சி 17, மிச்சம் உதிரிகள். நாடு இடிபாட்டில் கிடக்கிறது, இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். அடினாவர் கட்சியிலேயே மாநில முதல்வர்கள் சிலருக்கு அந்த எண்ணம்தான். கைகோத்திருந்தால் 270 இடங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு. ரைன் நதிக்கரையில் ரோன்டார்ஃப் என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக்குக் கட்சிக்காரர்களை அடினாவர் அழைத்தார். யார் யார் வர வேண்டும் என்பதை முடிவு செய்ததும் அவரே. கட்சிக்கு அப்போது தேசிய அளவில் தலைமை அமைப்பே கிடையாது; அது 1950-இல்தான் உருவானது. எனவே வீட்டுக்காரரே கூட்டத் தலைவர். காபி, சாப்பாடு, வீட்டு நிலவறையிலிருந்து நல்ல ஒயின். பேச்சு சூடுபிடித்தது பொருளாதாரத்தில்தான். 1948 ஜூன் நாணயச் சீர்திருத்தத்தோடு விலைக் கட்டுப்பாடுகள் பலவற்றை, பொருளாதார நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்த லுட்விக் எர்ஹார்ட் தளர்த்தியிருந்தார். கடைகளில் சரக்கு வந்தது, விலையும் ஏறியது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் குர்ட் ஷூமாக்கர் கேட்டதோ திட்டமிட்ட பொருளாதாரம். எர்ஹார்டையும் அவரையும் ஒரே அமைச்சரவையில் உட்கார வைப்பது நடக்காத காரியம். போதாக்குறைக்கு, பிரசாரத்தின்போது ஷூமாக்கர் கத்தோலிக்கத் திருச்சபையை ஜெர்மனியை ஆக்கிரமித்திருந்த நான்கு வல்லரசுகளுக்கு அடுத்த ஐந்தாவது ஆக்கிரமிப்பு வல்லரசு என்று வர்ணித்திருந்தார். அடினாவருக்கு இதைவிட வசதியான எதிரி கிடைத்திருக்க மாட்டார்.

சான்சலர் யார் என்ற பேச்சு வந்தபோது அவருக்கு வயது 73. டாக்டரைக் கேட்டுவிட்டேன், ஓரிரு வருடம் தாங்கும் என்கிறார் என்றார். தாங்கியது 14 வருடம்! ஜனாதிபதி பதவியைச் சுதந்திர ஜனநாயகக் கட்சியின் தியோடர் ஹாய்ஸுக்குக் கொடுக்கலாம் என்றும் அங்கேயே பேசினார்கள். அவருக்குச் சமயப் பற்று போதாதே என்று ஒருவர் இழுத்தார். மனைவி பக்திமான், அது போதும் என்று அடினாவர் வாயை அடைத்துவிட்டார். ஹாய்ஸிடம் அதுவரை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

பெரிய கட்சிகள் இரண்டும் சேர வேண்டாம், சுதந்திர ஜனநாயகக் கட்சியோடும் ஜெர்மன் கட்சியோடும் சேரலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டணியின் பலம் 208. செப்டம்பர் வாக்கெடுப்பில் கிடைத்தது 202 என்றால், தோழமைக்குள்ளேயே குறைந்தது ஆறு பேர் நழுவியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் பங்கீடு ஒழுங்காக நடந்தது. துணைச் சான்சலர் பதவியும் நீதித் துறையும் சுதந்திர ஜனநாயகக் கட்சிக்குப் போயின. 17 இடம் வைத்திருந்த ஜெர்மன் கட்சிக்குப் போக்குவரத்து உட்பட இரண்டு துறைகள். அந்தப் போக்குவரத்து அமைச்சர் ஹான்ஸ் கிறிஸ்டோஃப் ஸேபோம் 1966 வரை நாற்காலியை விடவில்லை. இடையில், 1960-இல், தன் கட்சியை விட்டு அடினாவர் கட்சியில் சேர்ந்துகொண்டார். ஜெர்மன் கட்சி அடுத்த தேர்தலோடு நாடாளுமன்றத்திலிருந்தே காணாமல் போனது.