விடுதி அறையும் வீடாகலாம்

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி விட்டாள் என்ற செய்தி கிடைக்கும்போது வீட்டில் ஏற்படும் மகிழ்ச்சிக்கு அளவேயில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. பிள்ளை எங்கே தங்குவாள்? யாரோடு தங்குவாள்? உம்மாவின் கை படாத ஓர் இடத்தில் எப்படிச் சமாளிப்பாள்? இந்தக் கவலையைத் தாய்மார்களாகிய நாம் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தீர்த்துக் கொள்கிறோம். கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் ஊர் கிழக்குக் கரையோரம். மகளுக்குக் கிடைத்தது பேராதனை. இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு இரும்புப் பெட்டி, புது மெத்தை, மூன்று தலையணை, வாளிகள், பிளாஸ்டிக் தட்டு அடுக்கு, மின்சாரக் கேத்தல், கண்ணாடிப் போத்தல்களில் ஊறுகாய் என்று ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு அம்பாறை, மஹியங்கனை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அறைக் கதவைத் திறந்ததும் நானும் அவளது வாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். மூன்று கட்டில், மூன்று மேசை, மூன்று சிறிய அலுமாரி, ஒரே ஒரு யன்னல். மற்ற இரு பிள்ளைகளும் ஏற்கனவே வந்திருந்தார்கள். எங்கள் சாமான்களை இறக்கி வைத்தபோது அவர்கள் இருவரும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

அன்று நான் வெட்கப்பட்டேன். ஆனாலும் பாதியைத் திருப்பிக் கொண்டுவர மனம் வரவில்லை. அதன் பலனை மகள்தான் அனுபவித்தாள்.

இடத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் ஆரம்பமாகி, 1952இல் பேராதனைக்கு வந்தது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணம். அதனால்தான் அங்கே விரிவுரை மண்டபங்களைப் போலவே விடுதிகளும் முக்கிய இடம் பெற்றன. பெண்களுக்கு ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா போன்ற விடுதிகள் எழுந்தன. நீதியரசர் எம். ரி. அக்பரின் பெயரையும் ஒரு விடுதி தாங்கி நிற்கிறது. பின்னர் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எமது பெண் பிள்ளைகள் பலருக்குக் கதவைத் திறந்து விட்டது.

படிக்க வருவோர் தொகை பெருகியது. கட்டடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஒருவருக்கு அல்லது இருவருக்கென்று கட்டிய அறையில் இன்று மூவர், நால்வர் தங்குகின்றனர்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, அதாவது 120 சதுர அடி. ஆறுக்கு மூன்று அடிக் கட்டில்கள் மூன்றும் 54 சதுர அடியைப் பிடிக்கின்றன. மூன்று மேசைக்கு 18. மூன்று அலுமாரிக்கு 9. மிஞ்சுவது 39 சதுர அடி. மூவருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 13. ஒரு தொழுகைப் பாயை விரித்தாலே எட்டு, ஒன்பது சதுர அடி போய்விடும்.

ஆகவே சகோதரிகளே, வாங்க முன் அறையைப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால், அங்கே படிக்கும் மூத்த மாணவி ஒருவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். அறையில் எத்தனை பேர்? மெத்தையும் அலுமாரியும் கொடுக்கிறார்களா? எந்த மின்சாதனங்களுக்கு அனுமதி? முதல் பயணத்தில் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கொண்டு போனால் போதும். பல பல்கலைக்கழகங்களில் எல்லா வருடத்தினருக்கும் விடுதி கிடைப்பதில்லை. இடையில் வெளியே போர்டிங் எடுக்க வேண்டி வரும். ஒவ்வொரு முறையும் சுமப்பவள் உங்கள் பிள்ளைதான்.

கட்டிலும் அதன் கீழும்

சின்ன அறையில் கட்டில் என்பது படுக்கை மட்டுமல்ல. கதிரையும் அதுதான், சில வேளை சாப்பாட்டு மேசையும் அதுதான். பகலில் இழுத்து மூடி வைக்க அழுக்குத் தாங்கும் நிறத்தில் ஒரு கட்டில் விரிப்பு இருக்கட்டும். மாற்றுவதற்கு இன்னொன்று. தலையணை ஒன்று போதும்.

நுளம்பு வலை அவசியம். அதற்காகச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். வலையின் நான்கு மூலைக்கும் நீண்ட நாடா தைத்துக் கொடுத்தால், யன்னல் கம்பியிலும் கட்டில் சட்டத்திலும் கட்டிக் கொள்ளலாம்.

கட்டிலுக்குக் கீழே இருக்கும் இடம்தான் பிள்ளையின் களஞ்சியம். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு அங்கே நன்றாக அடங்கும். ஒன்றில் மேலதிக உடுப்பு, மற்றதில் புத்தகமும் பத்திரங்களும். அட்டைப் பெட்டியைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். ஈரம் ஏறினால் அது கரப்பானுக்கும் கறையானுக்கும் வீடாகிவிடும். வெறும் சூட்கேஸும் இடத்தை வீணாக்கும். அதற்குள்ளேயே விடுமுறை உடுப்பை வைத்துவிடலாம்.

அரை ஆள் அலுமாரி

அலுமாரி சிறியது. அபாயா நீளமானது. முழு நீளத்தில் தொங்கவிட்டால் அடி மடிந்து தூசு பிடிக்கும். ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் இரண்டாக மடித்துப் போட்டால் பாதி இடம் மிஞ்சும். ஹிஜாப்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரே ஹேங்கரில் திரைச்சீலை வளையங்கள் எட்டோ பத்தோ கோர்த்து, வளையத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். காலையில் அவசரமாக ஒன்றை இழுத்தால் மற்றவை கலையாது. ஊசிகளுக்கு மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று கட்டாயம். மூவர் செருப்பில்லாமல் நடக்கும் அறையில் ஓர் ஊசி கீழே கிடந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இடத்தின் காலநிலையையும் கவனிக்க வேண்டும். பேராதனை போன்ற மழை கூடிய பகுதியில் முதல் எதிரி பூஞ்சணம். சற்று ஈரம் இருக்கும் உடுப்பை மடித்து வைத்தாலும் இரண்டு வாரத்தில் கரும்புள்ளி விழுந்துவிடும். அலுமாரிக் கதவை நாளொன்றுக்குச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். தட்டுகளில் பத்திரிகைத் தாள் விரித்து மாதம் ஒரு முறை மாற்றுங்கள். வெயில் வந்த நாளில் தலையணையையும் சப்பாத்தையும் வெளியே வையுங்கள். ஒலுவிலில் கதை வேறு. அங்கே கடல் காற்றில் உப்பு. இரும்புக் கிளிப்பும் கம்பி ஹேங்கரும் துருப்பிடித்து வெள்ளை உடுப்பில் கறையாக்கும். பிளாஸ்டிக் அல்லது மர ஹேங்கரே நல்லது. மணல் உள்ளே வராமல் இருக்க வாசலில் தும்புக் கால்மிதி ஒன்று போடலாம்.

அலங்காரம் வேண்டாமா?

வேண்டும். பிள்ளை நான்கு வருடம் வாழும் இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் சின்ன அறையில் அழகு என்பது சேர்ப்பதில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. யன்னலுக்கு வெளிர் நிறத்தில் ஒரு திரைச்சீலை போட்டாலே அறை மாறிவிடும். பெண் பிள்ளைகளுக்கு அது மறைவும் தரும். மேசைக்கு மேலே ஒரு கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் நேரசூசியையும் பிள்ளைக்குப் பிடித்த ஓரிரு படங்களையும் தொங்கவிடலாம். பசை நாடாவைச் சுவரில் ஒட்டினால், கழற்றும்போது வர்ணமும் சேர்ந்து கழன்று வரும். பிறகு பணம் கட்ட நேரும்.

மேசை விளக்கு, வலக்கையால் எழுதுபவருக்கு இடப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தில் விழாது. அறைத் தோழி தூங்கும்போது அவள் முகத்தில் வெளிச்சம் அடிக்காதபடி கழுத்து வளையும் விளக்காகப் பாருங்கள்.

போத்தலில் மணி பிளான்ட் வைப்பது பிள்ளைகளுக்கு விருப்பம். வைக்கட்டும். ஆனால் டெங்கு நுளம்பின் முட்டை முழு நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் இரு முறை தண்ணீரை மாற்றி, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம்

நான் அனுப்பிய கேத்தலால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களில் வட்டத் துளையுள்ள 5 அம்பியர் பிளக் இன்னும் இருக்கிறது. நமது மின்சாரம் 230 வோல்ட். 2000 வோட் கேத்தல் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். அயன் 1000 வோட் என்றால் 4.3 அம்பியர். ஒரே நீட்டிப்பு வயரில் இரண்டையும் போட்ட ஓர் இரவில் வயர் சூடாகி, உருகிய மணம் வந்து, அந்தத் தட்டு முழுவதும் இருளாகிவிட்டது. மறுநாள் பரீட்சை இருந்த பிள்ளைகளும் அந்த மாடியில் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், வேறு விபரீதம் இல்லை. விடுதியில் தடை என்றால் தடைதான். சுடுநீருக்கு ஒரு நல்ல பிளாஸ்க் கொடுத்தால் போதும்.

சாப்பாட்டுச் சாமானும் அளவோடு இருக்கட்டும். இறுக்கமான மூடியுள்ள டின்களில் வைத்தால் எறும்பும் எலியும் அண்டாது. கருவாடு, சம்பல் போன்ற மணம் கூடியவற்றை நன்றாகச் சுற்றி, சீக்கிரமாக முடிக்கும் அளவில் மட்டும் கொடுங்கள். தொதலோ மஸ்கட்டோ கொடுத்தால் மூவருக்கும் காணுமளவு கொடுங்கள்.

ஓர் இரவுத் தொலைபேசி அழைப்பு

இரண்டாவது மாதம், ஓர் இரவு மகள் எடுத்துப் பேசினாள். குரல் அடைத்திருந்தது. "உம்மா, அவ என்னோட கதைக்கிறா இல்ல" என்றாள். அவள் சொன்னது அறைத் தோழியான சிங்களப் பிள்ளையை. ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றாள். மார்க்கம் வேறு என்பதால்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவளது வாப்பா, "அவசரப்படாதே, முதலில் அந்தப் பிள்ளையிடமே கேட்கச் சொல்லு" என்றார்.

கேட்டிருக்கிறாள். பதில் மிகச் சாதாரணமானது. என் மகளின் பெட்டிகள் யன்னல் கட்டு முழுவதையும் அடைத்துவிட்டன. காற்று வருவதில்லை. அறைக்குள் கட்டிய கொடியில் அவளது உடுப்பு எந்நேரமும் ஈரமாகத் தொங்குகிறது. அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வருத்தம் இருந்திருக்கிறது. சொல்ல வெட்கப்பட்டு, பேசாமல் இருந்திருக்கிறாள்.

நாங்கள் பிறர் மீது சந்தேகப்பட்டோம். உண்மையில் பிறர் பங்கை எடுத்திருந்தது எங்கள் சாமான்தான். அடுத்த வார இறுதியில் அவளது வாப்பா போய் இரும்புப் பெட்டியையும் தட்டு அடுக்கையும் ஒரு சூட்கேஸையும் ஊருக்குக் கொண்டு வந்தார்.

அன்று மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். யன்னல் கட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஈர உடுப்பு வெளிக்கொடியில் மட்டும். கூட்டுவது முறைப்படி. இரவு பதினொரு மணிக்குப் பெரிய விளக்கு அணையும். தொழுகைக்கென அலுமாரிகளுக்கு அருகே ஒரு மூலை. இலங்கையில் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்குப் பக்கம் சாய்ந்தது. அதைச் சரிபார்த்து, சுவரோரம் சின்ன அடையாளம் ஒன்று வைத்துக் கொண்டாள். தொழுத பின் பாயைச் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்துவிட்டால் அந்த இடம் மீண்டும் எல்லோருக்கும் உரியது. சுபஹுக்கு எழும்பும் மணியைத் தலையணைக்குக் கீழே வைத்துக் கொண்டாள். வுழூச் செய்த ஈரக்காலைத் துடைக்க வாசலில் ஒரு துணி. அந்தச் சிங்களப் பிள்ளை போயா தினத்தில் சில் எடுக்கும்போது இவர்கள் இருவரும் அறையில் சத்தமில்லாமல் இருந்தார்கள். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும்ப மகள் தவறிய ஒரு நாள், தட்டி எழுப்பிவிட்டதும் அதே பிள்ளைதான்.

பெட்டி கட்டும்போது

அன்புத் தாய்மார்களே, பிள்ளை மீதுள்ள பாசத்தைப் பெட்டியில் அடைக்கப் பார்க்கிறோம். அது இயல்பு. ஆனால் அந்த அறையில் உங்கள் மகளுக்கு மட்டும் பங்கில்லை. இன்னொரு தாயும் தன் பிள்ளையை நம்பி அங்கேதான் அனுப்பியிருக்கிறாள். பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது இல்லாமல் அவளால் ஒரு மாதம் இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியுமென்றால் வீட்டிலேயே வையுங்கள். அவசியமானால் அடுத்த விடுமுறையில் எடுத்துப் போகட்டும்.

பெட்டியில் போட முடியாத சிலவற்றை மட்டும் மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம், தன் பங்கைத் தானே கூட்டும் பழக்கம், பிறர் தூங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தும் பழக்கம். இவற்றை முதல் நாள் வேனில் ஏற்ற முடியாது. வீட்டில் சிறு வயதிலிருந்தே பழக்க வேண்டும். பையனுக்கும் இதே பாடம்தான்.

என் மகள் படிப்பை முடித்து அறையைக் காலி செய்தபோது அவள் கொண்டு வந்தது ஒரே ஒரு சூட்கேஸ். வாளியையும் நுளம்பு வலையையும் புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். அன்று அவளை அழைத்துவர நாங்கள் வேன் பிடிக்கவில்லை. பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தோம்.