சமாதானத்துக்குப் பிறகு ஒரு சண்டை

நடுவர் அவர்களே! "வல்லரசுங்க கடல்ல மோதினா நமக்கென்ன?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நான் சிதம்பரத்துக்காரன். 1781-ல ஹைதர் அலி ஆளுங்க எங்க கோயில் மதிலையே கோட்டையாக்கி ஆங்கிலேயனோட சண்டை போட்டாங்கய்யா!

கடலூருக்கு வாங்க. 1783 ஜூன் 20. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் 15 போர்க்கப்பலோட, ஆங்கிலத் தளபதி ஹியூஸ் 18 கப்பலோட மோதறாங்க. கரையில ஊரைச் சுத்தி ஆங்கிலேயர் முற்றுகை. ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினாரு. முற்றுகைப் படைக்குக் கடல்வழி வந்த சாமான் நின்னுபோச்சு.

கொடுமை என்னன்னா, ஐரோப்பாவில ஜனவரி 20-லேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு! சேதி கப்பலேறிக் கடலூர் வந்து சேர ஜூன் கடைசி. அதுக்குள்ள செத்தவங்கள்ல நம்ம சிப்பாய்களும் உண்டு. ஒப்பந்தத்துல கடலூர் ஆங்கிலேயனுக்கே, பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரனுக்கே.

இன்னைக்குத் தென்சீனக் கடல்ல சீனாவும் அமெரிக்காவும் முறைச்சுக்குது. வலை வீசப் போற பிலிப்பைன்ஸ் மீனவன்கிட்டப் போய்க் கேளுங்க நண்பரே, "நமக்கென்ன?"ன்னு.