உங்கள் டேட்டாபேஸுக்கு ஒரு நகல்

கீழப்பழுவூரில் எங்கள் சிமெண்ட் லாரிக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் வைத்திருந்தேன். ஒரு மின்தடையில் ஹார்ட் டிஸ்க் போனது. யார் எவ்வளவு பாக்கி என்ற மூன்று மாதக் கணக்கும் போனது. பின்னர் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ரெப்ளிகேஷன். அருகிலுள்ள திருமழபாடி கோயிலை முதலாம் ராஜராஜன் காலத்தில் பிரித்துக் கட்டியபோது, கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் பொறித்தார்கள். இதுவும் அதே வேலைதான். இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே பதிப்பு போஸ்ட்கிரஸை நிறுவுங்கள். முதல் கம்ப்யூட்டரில் ரெப்ளிகேஷன் உரிமையுள்ள யூசர் ஒன்றை உருவாக்கி, இரண்டாவதிலிருந்து இணைய அனுமதி கொடுங்கள். பிறகு இரண்டாவதில் 'பிஜி பேஸ்பேக்கப்' கட்டளையை 'ஆர்' என்ற பெரிய எழுத்துடன் இயக்கி, சர்வரைத் தொடங்குங்கள். அதன்பின் மாற்றங்கள் தானாக வந்து சேரும். 2010ல் வெளியான 9.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. நகலில் படிக்கலாம், எழுத முடியாது.

அடுத்து கனெக்‌ஷன் பூலிங். டீக்கடையில் ஆளுக்கொரு புது கிளாஸ் வாங்குவதில்லை. கழுவிக் கழுவித் தருகிறார்கள். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி ப்ராசஸ், மெமரியைத் தின்னும். வழக்கமான உச்ச அளவு 100. 'பிஜிபவுன்சர்' புரோகிராமை இடையில் வைத்து, உங்கள் சாப்ட்வேரில் போர்ட் எண்ணை 5432க்குப் பதில் 6432 என மாற்றினால், சில இணைப்புகளே பலருக்கும் போதும்.

ஒரு எச்சரிக்கை: தவறுதலாக அழித்தால் நகலிலும் உடனே அழியும். ஆகவே வாரம் ஒருமுறை 'பிஜி டம்ப்' எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். நான் இப்போது ஞாயிறுதோறும் எடுக்கிறேன்.