சாவிக்கொத்து யார் கையில்?

2021-இல் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் பென்னி காண்ட்ஸ் வீட்டில் துப்புரவு வேலை பார்த்த ஒருவர், ஈரான் தொடர்புடையதாகச் சொல்லப்படும் ஹேக்கர் குழுவை டெலிகிராமில் தானே தேடிப்போய், உளவு பார்க்கத் தயார் என்றார். அவர்களை நம்பவைக்க அமைச்சரின் மேசையையும் கணினிகளையும் படமெடுத்து அனுப்பினார். கணினியில் வைரஸ் ஏற்றித் தரவும் முன்வந்தார். விரைவிலேயே பிடிபட்டார், 3 ஆண்டு சிறை.

வங்கிக் கொள்ளைக்காக ஏற்கெனவே தண்டனை பெற்றவர் அவர். வேலைக்கு வைத்தபோது யாரும் சரியாக விசாரிக்கவில்லை.

அமைச்சர் வீட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒப்பந்த நிறுவனத்திடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடும் சாதாரண அலுவலகம் எம்மாத்திரம்? துப்புரவுத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். அவர்களைத் திருடர்களாகப் பார்ப்பது அநியாயம். கேட்க வேண்டியது ஒப்பந்ததாரரிடம்: ஆட்களின் பின்னணியை விசாரித்தீர்களா? வழக்கமானவர் லீவு போட்டால் மாற்றாக வருவது யார்? சர்வர் அறைச் சாவியை மட்டும் அந்தக் கொத்தில் சேர்க்கவே கூடாது.