கையால போட்டா ஓடுது, தானா ஓடலை!

கடைசி வருஷ பிராஜக்டுக்காக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். உபுண்டு போட்ட ஒரு கம்ப்யூட்டரில் மரியாடிபி டேட்டாபேஸ். தராசுப் பக்கம் ஒன்று, கல்லாவில் ஒன்று என இரண்டு கம்ப்யூட்டர்கள் அதோடு பேசும். இரண்டு வாரம் ஜோராக ஓடியது.

ஒருநாள் விடியற்காலை நாலரைக்குப் போன். "தம்பி, ராத்திரி கரண்டு போயி வந்துச்சு. இப்ப எதுவுமே வரலை. உசிலம்பட்டி ஆளுக சீட்டுக்கு நிக்கிறாக!"

ஓடினேன். டேட்டாபேஸ் எழும்பவே இல்லை. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' கொடுத்தேன்; உடனே எழுந்துவிட்டது. பூ வாடுவதற்குள் தப்பித்தோம். அடுத்த கரண்ட் கட்டிலும் அதே கதை. "வெளக்கேத்துற மாதிரி தெனம் நீ வந்து போடணுமா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். மானம் போயிற்று.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது 'எனேபிள்'. ஸ்டார்ட் என்பது இப்போதைக்கு ஓட்டுவது. ஒவ்வொரு பூட்டிலும் ஓட வேண்டுமென்றால் எனேபிள் செய்திருக்க வேண்டும். அது செய்துதான் இருந்தது.

பிறகு 'ஜர்னல்சிடிஎல் -பி' போட்டு, அந்த பூட்டில் நடந்ததைப் படித்தேன். '3306 போர்ட்டில் ஏற்கெனவே வேறு சர்வர் ஓடுகிறதா?' என்று ஒரு வரி. அதை நம்பி இல்லாத சர்வரை அரை நாள் தேடினேன்! உண்மை அதற்கு முந்தைய வரியில் இருந்தது: எரர் 99, கேட்ட முகவரி கிடைக்கவில்லை.

பைண்ட்-அட்ரஸில் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை எழுதியிருந்தேன். அதைக் கொடுப்பது ரவுட்டர். கரண்ட் வந்தால் ரவுட்டரும் அப்போதுதான் கண் விழிக்கும். அதற்குள் மரியாடிபி முகவரி கேட்டு, இல்லையென்றதும் விலகிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் முகவரி வந்திருக்கும். அதனால்தான் கையால் போட்டால் ஓடியது. லேபில் ரீபூட் செய்து சோதித்தபோது மாட்டாததும் இதனால்தான். அங்கே ரவுட்டர் அணையவே இல்லையே!

சிஸ்டம்டியில் மரியாடிபி 'நெட்வொர்க்.டார்கெட்'டுக்குப் பிறகுதான் கிளம்பும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முகவரி வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அதற்கு உள்ளது 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்'. 'சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி' கொடுத்து, அதை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் சேர்த்தேன். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்லும். வான்ட்ஸ்தான் அதைக் கூப்பிட்டு வரும். ஆனால் இந்தக் காத்திருப்புக்கும் ஒரு கெடு உண்டு. ரவுட்டர் ரொம்பத் தூங்கினால்? எனவே பைண்ட்-அட்ரஸை 0.0.0.0 ஆக்கினேன்; அப்போது எந்த முகவரிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கதவு அகலத் திறந்துவிடுவதால், ஃபயர்வாலில் அந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 3306-ஐ அனுமதித்தேன்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணனே மெயினை அணைத்துப் போட்டார். மூன்று தடவை. மூன்று தடவையும் நான் கீபோர்டைத் தொடவில்லை.