மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும்

ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வாசனை உண்டு. வாசற்படியில் கால் வைத்ததும் லைசோல் நெடி மூக்கில் ஏறினால், இடம் சுத்தமாக இருக்கிறது என்று மனம் ஆறிவிடுகிறது. நோயாளிக்கு மட்டுமல்ல, பார்வையிட வரும் அதிகாரிக்கும் அந்த நெடியே சான்றிதழாகிவிடுகிறது. ஆனால் நெடி எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது வந்து சேர்கிறது. வசதியான நாட்டில் லைசோலைக் கூடுதலாக ஊற்றுவதால் வந்த வித்தியாசம் அல்ல இது. தடையில்லாத தண்ணீர், போதிய ஆட்கள், கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி, சரியாக வேலைசெய்யும் கருவிகள் ஆகியவைதான் அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பங்கு காரணம் என்பது என் முடிவு. தொற்றுத் தடுப்பில் கிருமிநாசினி கடைசிப் படி. நமது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பேச்சு பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

குளோரினைத் தின்னும் இரத்தம்

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் அறையை நினைத்துப் பாருங்கள். கவ்வாத்துக் கத்தி பட்ட கை, அட்டை கடித்துச் சொறிந்து புண்ணான கால், நீரிழிவில் ஆறாமல் கிடக்கும் பாதம் என்று ஒரு காலைப்பொழுதில் வரும் காயங்கள் பலவகை. தரையில் சிந்திய இரத்தத்தின்மேல் பிளீச்சிங் கரைசலை அப்படியே ஊற்றினால், குளோரின் முதலில் இரத்தத்தோடு வினைபுரிந்து தன் வீரியத்தை இழந்துவிடும். கிருமிக்கு மிஞ்சுவது வெறும் தண்ணீர். அதனால்தான் முதலில் உறிஞ்சும் துணியால் துடைத்தெடுத்து, பிறகு 0.5 வீதக் கரைசலை இடச் சொல்கிறார்கள். சாதாரண மேசை, கட்டில் சட்டங்களைக் கழுவித் துடைத்த பின் 0.1 வீதம் போதும். 30 வீதம் குளோரின் கொண்ட தூளில் 17 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்தால் 0.5 வீதம் கிடைக்கும். தூளில் 30 வீதம் இன்னும் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் விலகாத ஊரில், வாய் கட்டாமல் மூலையில் கிடக்கும் தூள் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிப் போகும். மணம் இருக்கும், வீரியம் பாதிகூட இருக்காது. மூக்கை நம்பினால் ஏமாந்துவிடுவோம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை. காற்றுப் புகாத பாத்திரத்தில் தூளை வைப்பதும், திறந்த திகதியை அதன்மேல் எழுதுவதும், கரைசலை அன்றன்று புதிதாகக் கலப்பதும் காசு கேட்கும் காரியங்கள் அல்ல.

94 பாகையில் கொதிக்கும் ஊர்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போக வளிமண்டல அமுக்கம் குறைவதால் அங்கே தண்ணீர் 100 பாகை செல்சியசுக்குக் காத்திராமல் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் அது 96 பாகைக்கு அருகில். பருப்பு வேகச் சுணங்குவதை வைத்தே மலையகத்து அடுப்படிகள் இதை அறிந்திருக்கின்றன. குடிதண்ணீர் விஷயத்தில் பயமில்லை. நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் போனால், வயிற்றோட்டம் தரும் கிருமிகளுக்கு அந்தச் சூடு போதும். காயத்துக்குள் போகும் கத்தரிக்கோலும் இடுக்கியும் வேறு கதை. ஏர்ப்பு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் கடற்கரை ஊரின் 100 பாகைக் கொதிநீரிலேயே பிழைத்துக்கொள்ளும்போது, 94 பாகையில் அவற்றுக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது? கொதிக்க வைத்தல் தொற்றுநீக்கமே தவிர, முழுமையான கிருமியழிப்பு ஆகாது.

முழுமையான கிருமியழிப்புக்கு நீராவியை அமுக்கத்தில் அடைக்கும் ஓட்டோகிளேவ் வேண்டும். உயரம் அங்கேயும் கூடவே வருகிறது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம், 121 பாகை, 15 நிமிடம் என்று பாடப்புத்தகம் சொல்வது கடல்மட்டத்துக்கான கணக்கு. அமுக்கமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அமுக்கத்தை மட்டுமே. நுவரெலியாவில் வெளிக்காற்றே சுமார் 3 இறாத்தல் குறைவு. ஆகவே முள் 15இல் நின்றாலும் உள்ளே சூடு 118 பாகையளவில் நின்றுவிடும். 3 பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த 3 பாகை குறைந்தால், அதே வித்திகளை அழிக்க ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தேவைப்படுகிறது. தானியங்கிக் கருவிகள் சூட்டை அளந்தே ஓடுவதால் தப்பிவிடுகின்றன. அமுக்கமானியை மட்டும் பார்த்து இயக்கும் பழைய கருவியிலும் அமுக்க அடுகலனிலும்தான் ஆபத்து. நுவரெலியாவில் முள்ளை 18க்குக் கொண்டுபோக வேண்டும். கருவி அதைத் தாங்காவிட்டால் நேரத்தைக் கூட்ட வேண்டும். பொதிமேல் ஒட்டும் நாடா நிறம் மாறிவிட்டதே என்றும் ஆறுதல் கொள்ள முடியாது. அது சூடு பட்டதைச் சொல்லும், வித்தி செத்ததைச் சொல்லாது. அதற்கு இடையிடையே வித்திச் சோதனை வேண்டும். கருவியிலிருந்து எடுத்த துணிப்பொதி ஈரமாக இருந்தால், மூடுபனி நாளில் அது காயப்போவதில்லை. ஈரத்தின் வழியே கிருமி உள்ளே இறங்கும். அந்தப் பொதியைத் திரும்பவும் கருவிக்குள் வைப்பதுதான் சரி.

மருந்து வந்தது, மலசலகூடம் வரவில்லை

தொற்றுக்கு ஆட்களின் பழக்கமே காரணம் என்ற பேச்சு தோட்டங்களில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. கடல் கடந்து வந்த நம் முன்னோர் பலர் தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, உடுத்த துணிவரை தொற்றுநீக்கம் செய்யப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டார்கள். கிருமி அவர்களிடம் இருக்கிறது, தோட்டத்தில் இல்லை என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1916இல் ரொக்ஃபெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் புழு இருந்தது. லயம் லயமாகப் போய் மருந்து கொடுத்தார்கள், புழுவும் விழுந்தது. ஆனால் செலவுக்குப் பயந்து பல தோட்டங்கள் மலசலகூடம் கட்டத் தயங்கின. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்கு அதே புழு மறுபடியும் ஏறியது. விழுங்கிய மருந்தில் குறையில்லை. அதற்கு முன்னே கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டதுதான் குறை. பீலித் தண்ணீர் வற்றும் நாளில் கை கழுவச் சொல்லும் சுவரொட்டியும் இந்த வகையைச் சேர்ந்ததே. சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 வினாடி வேண்டும். உறைய வைக்கும் குளிர்த் தண்ணீர் நூல்போல வடியும் குழாயடியில் ஒரு தாதி அதைக் காலை முழுவதும் எத்தனை முறை செய்வார்? பழக்கத்தைக் குறை சொல்லுமுன் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அற்ககோல் திரவம் கைகொடுக்கும், 20 முதல் 30 வினாடியில் வேலை முடியும். ஆனால் இரத்தமோ சீழோ பட்ட கைக்கு அது உதவாது.

பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. பிரசவத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் மக்கள் அங்கும் நுவரெலியாவுக்கும் போகிறார்கள், இனி டிஸ்பென்சரிக்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. சத்திரசிகிச்சை முடிந்து திரும்புபவருக்குக் கட்டு மாற்றுவது எங்கே? மலைப்பாதையில் பஸ் ஏறி, ஒருநாள் பேரை (கூலியை) விட்டு, ஒரு கட்டுக்காக யார் டிக்கோயா போவார்? பெரிய ஆஸ்பத்திரியில் சுத்தமாக மூடிய காயம் சின்ன இடத்தில் திறக்கப்படுகிறது. பெரிய இடத்துக்கும் ஆபத்து வராமலில்லை. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சந்தேகம் இறக்குமதியான பிரெட்னிசோலோன் கண் சொட்டு மருந்தின்மேல் விழுந்தது, அதன் பாவனையும் நிறுத்தப்பட்டது. சத்திரசிகிச்சைக் கூடத்தை எவ்வளவு துடைத்தாலும் போத்தலுக்குள் இருப்பதை அந்தத் துடைப்பு எட்டாது. எந்தத் தொகுதி மருந்து எந்த நாளில் யாருக்குப் போனது என்ற பதிவு இருந்தால்தான் இரண்டாவது நோயாளியோடு அதை நிறுத்த முடியும்.

பணமில்லை என்பது உண்மையான தடை. 2022 நெருக்கடியில் நாட்டின் பெரிய வைத்தியசாலைகளே கையுறைக்கும் மருந்துக்கும் தவித்தன. ஆனால் இங்கே கேட்கப்படுவது இறக்குமதிப் பொருள் அல்ல. கூரைமேல் மூடியுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டி, மருந்து கட்டும் அறையில் முழங்கையால் திறக்கும் குழாய், ஓட்டோகிளேவ் பக்கத்தில் சூட்டையும் நேரத்தையும் எழுதும் ஒரு கொப்பி. அடுத்த முறை டிஸ்பென்சரியைப் பார்வையிட வருபவர், அடைமழையில் பீலி கலங்கினால் அந்தத் தொட்டித் தண்ணீர் எத்தனை நாளைக்குப் போதும் என்று முதலில் கேட்கட்டும். பிறகு அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கட்டும்.